ஏ, எஸ், டி, எஃப்

லாவோஸில் வேலை என்று ஆள் சேர்ப்பவர்களைப் பற்றி இந்திய அரசு விடுத்த எச்சரிக்கையை முதலில் படித்தபோது ஓரிடத்தில் என் கண் நின்றுவிட்டது. துபாய், பாங்காக், சிங்கப்பூர், நம் நாடு என்று பல இடங்களில் இருக்கும் ஏஜென்டுகள் சாதாரணமாக ஒரு இண்டர்வியூவும் ஒரு டைப்பிங் டெஸ்டும் வைத்து ஆள் எடுக்கிறார்கள்; கூடுதல் சம்பளம், ஹோட்டல், போக வர விமான டிக்கெட், விசா எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள்; எச்சரிக்கையாக இருங்கள் என்று அதில் இருந்தது. டைப்பிங் டெஸ்ட் என்ற இடத்தைத் தாண்டிக் கீழே போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்குச் சோறு போட்ட வித்தை அது. எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது.

மதுரை சிம்மக்கல்லில் என் தாய்மாமா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். கீழே பேப்பர் கடை, மாடியில் நாங்கள். ஜன்னலைத் திறந்தால் பழ மார்க்கெட் வாசம் ஏறி வரும். கொய்யா வந்துவிட்டதா, மாம்பழம் முடிந்துவிட்டதா என்பதெல்லாம் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். ரெமிங்டன், ஃபேசிட், கோத்ரெஜ் மெஷின்கள் வரிசையாக இருக்கும். புதிதாகச் சேர்கிற பிள்ளைக்கு முதல் பாடம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தாள் முழுக்க அதையே அடிக்க வேண்டும். சுண்டு விரலுக்கு வலு இருக்காது, ‘ஏ’ மட்டும் மங்கலாக விழும். மாமா தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சுண்டு வெரலு இன்னும் தூங்குது தாயி” என்பார். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு இரண்டு முறை பரீட்சை வைக்கும். பரீட்சை நெருங்கினால் விடியற்காலையிலிருந்து இரவு வரை பேட்ச் பேட்சாகப் பிள்ளைகள் வந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். மாடியே அதிரும். பேப்பர் கடைக்காரர் ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை. அவர் மகளும் எங்களிடம்தான் படித்தாள்.

படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பெரும்பாலும் அந்த மாடிப்படி வழியாகத்தான் வந்தது. வக்கீல் குமாஸ்தா வருவார். ஆடிட்டர் ஆபீசிலிருந்து வருவார்கள். லாரி புக்கிங் ஆபீஸ், மொத்த மளிகை, நூல் கமிஷன் கடை. “வாத்தியாரே, ஒரு பிள்ளை வேணும், தமிழும் அடிக்கணும், கணக்கும் எழுதணும்” என்று கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். மாமா உடனே பெயர் சொல்ல மாட்டார். அந்த ஆபீஸ் எந்த மாடி, இருட்டினால் விளக்கு உண்டா, சனிக்கிழமை எத்தனை மணிக்கு விடுவார்கள், முன்பிருந்த பெண் ஏன் நின்றாள் என்று அவர்தான் இண்டர்வியூ நடத்துவார். சம்பளம் இழுத்தடித்தால் ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலாளியிடம் சத்தம் போட மாட்டார். “பிள்ளைய நான் அனுப்பிச்சேன், அதான் வந்தேன்” என்பார், அவ்வளவுதான். இதற்காக அவர் முதலாளியிடமும் காசு வாங்கவில்லை, பிள்ளையிடமும் வாங்கவில்லை. இன்ஸ்டிடியூட்டுக்குப் பிள்ளைகள் வந்து சேர்வதே அவருக்கு வந்த லாபம்.

இதை அப்படியே பொற்காலம் என்று எழுதிவிட எனக்கு மனசில்லை. காபி குடித்து முடித்தபின் சிலர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்கள். பிள்ளை எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், நம்ம ஆட்களா. மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் எத்தனையோ கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி சொந்தபந்தத்துக்கும் சொந்தச் சாதிக்கும் என்றே ஒதுங்கியிருந்தது. 45 வார்த்தை அடித்து முதல் வகுப்பு வாங்கிய பிள்ளை, தெருப் பெயரைச் சொன்ன பிறகு படி இறங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பிற்பாடு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்த ஆய்வு 2007-இல் வந்தது. பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்திருந்தார்கள். மேல்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படித்த பட்டதாரிகளை எடுக்கிற தனியார் கம்பெனிகளில் அந்த நிலை. அந்த மாடிப்படி எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆபத்பாந்தவனாக இருந்தது எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருந்த மாவட்ட மைய நூலகம். அங்கே பேப்பர் மேசை யாரையும் தெரு கேட்காது. புதன்கிழமை ‘தி ஹிந்து’வின் ஆப்பர்சூனிட்டீஸ் பக்கத்துக்கு நான்கு தலைகள் ஒன்றாகக் குனிந்திருக்கும். 1976-இல் மத்திய அரசு தொடங்கிய ‘எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்’ வார ஏடு வந்த அன்று, பென்சிலும் துண்டுத் தாளுமாக வந்து விலாசம் எழுதிக்கொள்வார்கள். இங்கிலீஷ் சரியாக வராத பையனுக்குப் பக்கத்தில் இருப்பவர் தகுதி, வயது, கடைசித் தேதி மூன்றையும் தணிந்த குரலில் படித்துச் சொல்வார். அவரும் அதே வேலைக்குத்தான் போடப்போகிறார். அந்தப் பெருந்தன்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சில விளம்பரங்களில் கம்பெனி பெயரே இருக்காது, பத்திரிகையின் பாக்ஸ் நம்பர் மட்டும் இருக்கும். அப்போதும் அந்தப் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை ஆபீஸ் இருந்தது. போய்க் கேட்கலாம்.

நூலகத்திலிருந்து வடக்கு வெளி வீதிப் பக்கம் திரும்பினால் சேதுபதி பள்ளிக்கூடம். பாரதியார் 1904 ஆகஸ்டில் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஒருவர் விடுப்பில் போன இடம், நவம்பர் வரைதான் ஓடியது. பிறகு சென்னைக்கு, ‘சுதேசமித்திரன்’ ஆபீசுக்குப் போய்விட்டார். தற்காலிக வேலை என்றால் முகம் சுருங்கும் பிள்ளைகளுக்கு மாமா அந்தப் பள்ளியைக் கைகாட்டுவார். “மூணு மாசம்னாலும் போய் உக்காரு. அங்கன உக்காந்தாத்தான் அடுத்தது கண்ணுக்குத் தெரியும்.”

அரசாங்க வேலை என்றால் புதூர். ஏ.வி. பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையம், தல்லாகுளம் வழியாக அழகர்கோவில் ரோட்டில் போக வேண்டும். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் என்றுதான் இன்றும் எங்கள் வாயில் வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை பார்த்துக் கொடுக்க 1945-இல் ஏற்படுத்திய அமைப்பு இது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 1959-இல் காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. பள்ளி முடித்த கையோடு அங்கே பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் மாதத்தை வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்த அம்மாக்கள் உண்டு. தப்பினால் சீனியாரிட்டி போய்விடும். கால் லெட்டர் வரும் என்று காத்திருந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வரிசையில் பதிவு செய்தவர்களை எனக்குத் தெரியும். 2023-இல்கூடத் தமிழ்நாட்டில் 60 லட்சத்துக்கும் மேல் பதிவுகள் இருந்தன. 2006-இல் உதவித்தொகை வந்தபோது பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய். அந்தத் தொகை சின்னதுதான். ஆனாலும் உனக்கு வேலை கிடைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும் என்று அரசு ஒரு தாளில் ஒப்புக்கொண்டதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

மெஷின்களின் சத்தம் எந்த வருஷம் அடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் வந்தது. கல்யாணப் பத்திரிகை, ப்ராஜெக்ட், பயோடேட்டா. பிறகு அதே மூலையில் இண்டர்நெட் வந்தது, தடுப்புப் பலகை வைத்து பிரவுசிங் சென்டர் ஆனோம். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பின்னால் நின்று பார்ப்பார். “விலாசம் இல்லாம எப்படித் தாயி லெட்டர் போகும்?”

அந்த நாட்களில் எல்லார் வாயிலும் நௌக்ரி. சஞ்சீவ் பிக்சந்தானி என்பவர் டெல்லியில் 1997-இல் தொடங்கியது. அவர் முன்பு ஹார்லிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஆபீசுக்கு வரும் வணிகப் பத்திரிகையைச் சக ஊழியர்கள் பின்பக்கத்திலிருந்து புரட்டுவதைக் கவனித்தாராம். வேலை விளம்பரங்கள் அங்கேதான் இருக்கும். வேலையில் இருப்பவரும் வேலை தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை அந்தப் புரட்டலில் கண்டுபிடித்தவர், பத்திரிகைகளிலிருந்து திரட்டிய சுமார் 1,000 விளம்பரங்களோடு தளத்தைத் திறந்தார். படித்ததும் எனக்கு எங்கள் நூலகத்துப் பேப்பர் மேசைதான் நினைவுக்கு வந்தது. அதே மேசை, கால் மட்டும் நீண்டு எல்லா ஊருக்கும் போயிருந்தது.

அதனால் விளைந்த நன்மையை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மேலூர் பக்கத்துப் பையன், கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை, எந்த முதலாளியையும் தெரியாதவன், எங்கள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பெங்களூருக்கு விண்ணப்பம் போட்டான். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். அவனிடம் அங்கே யாரும் அப்பா பெயரைத் தாண்டி எதையும் கேட்கவில்லை. வேலை கிடைத்து முதல் தீபாவளிக்கு வந்தபோது ஒரு கிலோ மைசூர்பாகு கொண்டுவந்து வைத்தான். மாமாவின் படியில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு இது இருபது வருஷம் முன்னால் கிடைத்திருக்கக் கூடாதா என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் யாகூவிலோ ரெடிஃப்மெயிலிலோ ஐடி உண்டாக்கிக் கொடுத்து, பாஸ்வேர்டை அதில் எழுதி வைப்பேன். அவர்கள் மறந்துவிடுவார்கள். ஊரிலிருந்து போன் வரும்: “அக்கா, என் பாஸ்வேர்டு என்னக்கா?” குலசாமி பெயரும் பிறந்த வருஷமுமாக அந்த நோட்டு முழுக்க நிரம்பியிருந்தது. மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கவே உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். ஐடிஐ முடித்த ஒரு பையன் அறுவடை முடிந்து வந்து திறந்தபோது இண்டர்வியூ தேதி போய் ஒரு வாரமாகியிருந்தது. மெயில் சரியாகத்தான் வந்திருக்கிறது, திறக்கத்தான் அவனிடம் எதுவும் இல்லை.

பயோடேட்டாவில் என்ன போடுவது என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். ஹாபி என்ற இடத்தில் எல்லாரும் கிரிக்கெட், கேரம் என்பார்கள். அப்பாவோடு பூக்கட்டுவேன் என்று ஒருத்தி சொன்னாள், அதையே போட்டோம். போர்ட்டல் வந்த பிறகு வேறு நுட்பங்கள். கம்பெனிக்காரர்கள் போர்ட்டலுக்குப் பணம் கட்டி, பயோடேட்டா கிடங்குக்குள் சொற்களைப் போட்டுத் தேடுவார்கள். அந்தச் சொல் உன் தாளில் இல்லையென்றால் நீ அங்கே இல்லை. சமீபத்தில் திருத்தியவர்களின் பெயர் மேலே வரும். அதனால் தினம் காலையில் ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு சேமி, மறுநாள் திரும்ப வைத்துச் சேமி என்று சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். ஒரு புள்ளியை வைப்பதும் எடுப்பதுமாக மாதக்கணக்கில் காத்திருந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை. நூறு இடத்துக்குப் போட்டால் தொண்ணூறு இடத்திலிருந்து ஒன்றுமே வராது. இல்லை என்ற பதில்கூட வராது. தபால் காலத்தில் சுயவிலாசமிட்ட உறையை உள்ளே வைத்து அனுப்புவோம். அந்த உறையில், வருந்துகிறோம் என்று ஒரு வரியாவது திரும்பி வரும்.

லாஸ்ட் நேம் ஒரு தனித் தொல்லை. சாதிப் பெயரை ஒட்டிக்கொள்ளாமல் இனிஷியலோடு நிற்பது நம் ஊர் வழக்கம். ஃபார்ம் அதை ஒப்புக்கொள்ளாது, சிவப்புக் கட்டம் போடும். ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் இனிஷியலை, ஒருவர் ஊர்ப் பெயரை. அப்புறம் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று வேலை கிடைத்த பின்னும் அலைவார்கள். நம் பெயரையே தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து வரைந்த கட்டம் அது என்று தோன்றும்.

ஆள் சேர்த்து வேலைக்கு அனுப்பும் கதை எங்கள் வீட்டில் இதையெல்லாம்விடப் பழையது. என் ஆச்சியின் அண்ணன் ஒருவர் சிலோனுக்குத் தேயிலை எஸ்டேட் வேலைக்குப் போனவர். போனவர் திரும்பவில்லை. அவரைக் கூட்டிப்போன கங்காணி சொந்த ஊர்க்காரர், உறவுமுறை சொல்லிப் பேசியவர், நல்ல வேட்டி கட்டி வந்து திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் மாதிரித் தேயிலை காய்க்கும் என்று கதை சொன்னவர் என்பாள் ஆச்சி. கங்காணி முறையைப் பற்றிப் பிறகு படித்தபோது அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஆள் ஒன்றுக்கு எஸ்டேட்டிலிருந்து கங்காணிக்குத் தலைக்காசு. வழிச்செலவும் முன்பணமும் கூலியின் பெயரில் கடன். ‘துண்டு’ என்று ஒரு சீட்டு: இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். எஸ்டேட்டும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டை இங்கேயே கழுத்தில் மாட்டி அனுப்புவார்கள். துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது.

தெரிந்த முகம் என்பது மட்டும் காப்பாற்றாது என்று அதில் தெரிந்துகொண்டேன். கங்காணியும் தெரிந்த முகம், மாமாவும் தெரிந்த முகம். இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் காசு எந்தப் பக்கம் போனது, கடன் யார் தலையில் ஏறியது, பிறகு கேட்க யார் வந்தார் என்பதில் இருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் கொண்டுவந்த ஒப்பந்தம் ஒன்று, வேலை தேடுகிறவரிடம் தனியார் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வாங்கலாம் என்று நம் விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் லட்சக்கணக்கில் நகை விற்றுக் கொடுத்தவர்களை நான் அறிவேன்.

போன் எல்லார் கைக்கும் வந்தபோது பிரவுசிங் சென்டரை எடுத்துவிட்டேன். இப்போது ஜெராக்ஸ், ஸ்கேன், டிஎன்பிஎஸ்சி ஃபார்ம். வேலை தேடல் கடையை விட்டுப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. 2019-இல் வந்த அப்னா போன்ற செயலிகளில் டெலிவரி, பில்லிங், டெலிகாலர் வேலைகள் வருகின்றன. மாநில அரசும் 2020-இல், கொரோனா நடுவில், தனியார் வேலைகளுக்கென்று ஒரு தளம் திறந்தது. தெருத்தெருவாக வாட்ஸ்அப் குழு. இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் சிரித்தபடி திருப்பூரில் நாற்பது பேர் தேவை, தங்குமிடம் இலவசம், கமெண்டில் போடுங்கள் என்கிறாள். ஆயிரம் பேர் போடுகிறார்கள். லிங்க்ட்இன்னில் பச்சை வளையத்தோடு எங்கள் பிள்ளைகளின் போட்டோக்கள். போன இரண்டு மூன்று வருஷங்களாகப் பயோடேட்டா எல்லாம் ஒரே நடையில் வருகின்றன, சாட்ஜிபிடி எழுதியவை. கம்பெனிப் பக்கத்திலும் படித்துக் கழிப்பது மென்பொருள்தான். பூக்கட்டுவேன் என்று சொன்ன பிள்ளையை அங்கே யார் கண்டுகொள்வார் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மதுரையிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்குத் தேடும் கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டதும் பட்டியல் சுருங்கிவிடும். இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐடி பூங்காக்கள் வந்திருக்கின்றன, அவற்றைப் பிடித்துக்கொண்டு ஊரில் தங்கியவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு மாட்டுத்தாவணி. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பஸ்களைப் பார்த்தால் தெரியும், எங்கள் ஊர் எத்தனை விரல்களை வெளியே அனுப்புகிறது என்று.

அந்த விரல்களைத்தான் மியான்மரில் இருந்த மோசடிக் கும்பல் தேடியது. 2022 செப்டம்பரில், மியான்மரில் ஏறக்குறைய 300 இந்தியர்கள் சிக்கியிருக்கிறார்கள், அவர்களில் 50 பேர் வரை தமிழர்கள் என்று முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதியபோது செய்தி வீடுவீடாக வந்தது. தாய்லாந்தில் ஐடி வேலை, டேட்டா என்ட்ரி என்று சோஷியல் மீடியாவில் விளம்பரம். போனிலேயே இண்டர்வியூ. பாங்காக்கில் இறக்கி, காரில் வெகுதூரம் கொண்டுபோய், மே சோட் பக்கம் ஆற்றைக் கடக்க வைத்து மியாவடியில் அடைத்தார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெண் பெயரில் போலிக் கணக்கு திறந்து உலகத்தில் எங்கோ இருக்கும் தனிமனிதர்களிடம் பேசிப் பணம் கறக்கச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடி, கரண்ட் ஷாக். அந்த அக்டோபரில் 13 தமிழர்கள் சென்னைக்குத் திரும்பினார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை மே சோட்டிலிருந்து அழைத்து வந்தார்கள்.

அப்போதுதான் டைப்பிங் டெஸ்ட் என்ற அந்த இடம் எனக்கு முழுதாகப் புரிந்தது. வேகமாகப் பல பேருடன் ஒரே நேரத்தில் எழுதிப் பேச வேண்டிய தொழில் அது. வேகமான, தப்பில்லாத, களைக்காத விரல் வேண்டும். படித்து, டைப் கற்று, வேலை கிடைக்காமல், இங்கிலீஷும் ஓரளவு தெரிந்த பிள்ளை வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையை உருவாக்குவதைத்தான் எங்கள் மாடி ஒரு தலைமுறையாகச் செய்தது. மாமா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே கிளம்பியிருப்பார்? எந்த மாடி, எந்த முதலாளி? விளம்பரத்தில் ஒரு பெண் போட்டோ, அதுவும் எங்கிருந்தோ எடுத்தது. டெலிகிராமில் ஒரு பெயர், நாளைக்கு அது இருக்காது.

போர்ட்டல்காரர்களிடமும் செயலிக்காரர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கீழே, நான் சொல்லித்தான் இந்த ஆள் வந்தார் என்று ஒப்புக்கொள்கிற ஒரு மனுஷரின் பெயரும், போனால் பார்க்கக்கூடிய ஒரு விலாசமும் வேண்டும். மாமாவிடம் இருந்தது அதுதான். இத்தனை கோடி புரளும் தொழிலில் அது முடியாத காரியம் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். ஓட்டலில் சாப்பிட்ட தோசைக்கு மார்க் போடச் சொல்லி மறுநாளும் மெசேஜ் அனுப்ப முடிகிறவர்களுக்கு, எடுக்கவில்லை தம்பி என்று ஒரு வரி அனுப்பவும் முடியும்.

கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதே. யூடியூபில் லைக் போட்டால் காசு என்று தொடங்கி, பிறகு பணம் கட்டச் சொன்னால் அது திருட்டு. வெளிநாடு என்றால் அரசின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயரைத் தேடு. டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகாதே. ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடு. பலர் அதைப் படிப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் விலையைத்தான் பார்ப்பார்கள்.

போன மாதம் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். பாஸ்போர்ட் ஜெராக்ஸ், போட்டோ ஸ்கேன். எங்கே என்று கேட்டேன். தாய்லாந்து, கஸ்டமர் சப்போர்ட், டெலிகிராமில் இண்டர்வியூ முடிந்துவிட்டதாம்.

“டெஸ்ட் வச்சாங்களா?”

“டைப்பிங் வச்சாங்கக்கா. நாப்பத்தஞ்சு வந்துச்சு.” சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. இருக்கத்தான் வேண்டும். நிமிஷத்துக்கு 45 லேசுப்பட்டதில்லை.

ஏஜென்ட் பெயரைக் கேட்டேன். மெசேஜைத் தேடிப் பார்த்து ஒரு கம்பெனிப் பெயர் சொன்னான். உட்காரச் சொல்லி, இமைக்ரேட் தளத்தைத் திறந்து, அவன் கண் முன்னாலேயே பதிவு பெற்றவர்களின் பட்டியலில் தேடினோம். எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான், அவனே. வரவில்லை. மியாவடி செய்தியையும் காட்டினேன். அம்மா எதுவும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விசா என்ன வகை என்று கேட்டு அந்த ஆளுக்கு அங்கிருந்தே மெசேஜ் போட்டான். முதலில் டூரிஸ்ட், அங்கே வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று உடனே பதில் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் போட்ட கம்பெனியை நான் பார்த்ததே இல்லை.

பையன் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாஸ்போர்ட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். புதூரில் நடக்கும் தனியார் வேலை முகாமைப் பற்றிச் சொன்னேன், குறித்துக்கொண்டான். பிறகு மானிட்டரைக் காட்டிக் கேட்டான்.

“அக்கா, இந்தப் பக்கத்தையும் அந்தச் செய்தியையும் பிரிண்ட் எடுக்கலாமா?”

“எதுக்குப்பா?”

“இன்னும் மூணு பேரு பணம் கட்டப்போறானுங்கக்கா, எங்க தெருவுல. போன்ல சொன்னா நம்ப மாட்டானுங்க. மூணு காப்பி போடுங்க.”